உப்பும் சாம்பலும் ஏறிய ஷாக்: வாசகர் கேள்வி - பதில்

மவுன்டன் பைக் சஸ்பென்ஷன் பற்றி வந்த கடிதங்களில் முக்கால்வாசி சென்னை ராயபுரத்துக்கு வடக்கே இருந்து வந்தவை. மலையே இல்லாத பகுதியில் மலை சைக்கிள் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: கடற்காற்று, நிலக்கரித் தூள், அனல்மின் நிலையச் சாம்பல். பாறையில் குதித்து உடைந்த ஃபோர்க் இங்கே அபூர்வம். உள்ளே அரைபட்டுத் தேய்ந்ததுதான் அதிகம்.

பதில்களுக்குள் போகும் முன் சில பெயர்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் கால் அமைப்பு ஃபோர்க். அதில் பளபளவென்று தெரியும் மெல்லிய குழாய்கள் ஸ்டாஞ்சன். அவை இறங்கிப் போகும் தடித்த கால்கள் லோயர். இரண்டும் சேரும் வாயில் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம் வைப்பர் சீல். கடைக்காரர்கள் இது மொத்தத்தையும் 'ஷாக்' என்பார்கள். நாமும் அப்படியே சொல்லலாம்.

கேள்வி: வீடு கடற்கரையை ஒட்டி. சைக்கிள் வாங்கி ஒன்றரை வருடம். ஷாக்கை அமுக்கினால் 'கீச்' என்கிறது, நின்று நின்று இறங்குகிறது. குழாயில் துரு பொட்டுப் பொட்டாக. வாரா வாரம் கழுவியும் ஏன் இப்படி? (திருவொற்றியூர்)

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? போர் தண்ணீர் என்றால் பிரச்சினையில் பாதி அதுதான். திருவொற்றியூரிலிருந்து மீஞ்சூர் வரை நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுக் கதை. அந்தத் தண்ணீர் காய்ந்த வாளியின் விளிம்பில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பாருங்கள். அதே பொருக்குதான் வைப்பர் சீலின் உதட்டிலும் படிகிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்வதால், மழையே இல்லாத நாளிலும் குழாயைச் சுற்றி ஓர் ஈர வளையம் இருந்துகொண்டே இருக்கும். கழுவ மெட்ரோ வாட்டர் அரை வாளி போதும்.

துருவைத் தொடும் முன் குழாய் எந்த உலோகம் என்று பாருங்கள். ஃபிரிட்ஜ் மேல் ஒட்டும் காந்தத்தை வைத்தால் தெரிந்துவிடும். ஒட்டினால் குரோம் பூசிய எஃகு, ஒட்டாவிட்டால் அனோடைஸ் செய்த அலுமினியம். துரு வந்திருப்பதால் உங்களுடையது எஃகாகத்தான் இருக்கும்.

சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி ஒரு சின்ன உருண்டையாக்கி, தண்ணீரில் நனைத்து, துருப் பொட்டின் மேல் குழாயைச் சுற்றிய வாக்கில் லேசாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மிருதுவானது என்பதால் குரோமில் கீறல் விழாது, துரு மட்டும் சாம்பல் நிறக் குழம்பாக வழிந்து வரும். அந்தக் குழம்பு சீலுக்குள் போகக் கூடாது. வாயைச் சுற்றி முதலிலேயே ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு துடைத்து, காயவைத்து, நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயும் மாட்டாவிட்டால் பிழைத்தது. மாட்டினால் அங்கே குரோம் பெயர்ந்து குழி விழுந்திருக்கிறது. துரு இனி அடியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை ஷாக் இறங்கும்போதும் அந்தக் குழியின் விளிம்பு சீலின் உதட்டை அரம் மாதிரி அறுக்கும்.

குழி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சீலுக்கு மேலே முதல் நாலைந்து சென்டிமீட்டர்தான் தினமும் போய்வரும் பகுதி. அங்கே குழி என்றால் புது ஃபோர்க்குக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம். உச்சியில், இரண்டு குழாயும் சேரும் கிரவுனுக்குப் பக்கத்தில் இருந்தால் கவலையில்லாமல் ஓட்டலாம்.

அலுமினியக் குழாய் வைத்திருப்பவர்கள் இந்த வைத்தியத்தைச் செய்யவே கூடாது. அனோடைஸ் படலம் போனால் திரும்ப வராது. அதில் கல் பட்டுப் பிசிறு எழும்பியிருந்தால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து அந்தப் பிசிறை மட்டும் தட்டையாக்கி, பள்ளத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்து, நன்றாகக் காய்ந்ததும் சமன் செய்துவிடுங்கள்.

கீச்சொலிக்குக் காரணம் உள்ளே கிரீஸ் வறண்டது. அதற்கு ஷாக்கைத் திறக்க வேண்டும். முறை கீழே வருகிறது.

கேள்வி: லாரி ஷெட்டில் பைக்குக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும்போது சைக்கிளையும் சேர்த்து அடித்துத் தருகிறார்கள். பளிச்சென்று ஆகிறது. தப்பா? (ராயபுரம்)

தப்பு. சீல் மேலிருந்து விழும் தூசியைத் தடுக்க வைத்தது, பிரஷர் கன்னைத் தடுக்க அல்ல. பீய்ச்சியடித்த தண்ணீர் உதட்டைத் தாண்டி உள்ளே போய் லோயரின் அடியில் தேங்கும். வெளியே பளிச், உள்ளே சேறு. சக்கர பேரிங்குக்கும் அதே கதிதான்.

ஓட்டிவிட்டு வந்ததும் இரண்டு நிமிடம் செலவிடுங்கள். ஷாக்கை அமுக்கும் முன் ஸ்டாஞ்சனின் அடியைக் கிட்டே பாருங்கள். சீலுக்கு ஒட்டினாற்போல் மெல்லிய சாம்பல் நிறக் கோடு ஒன்று வளையமாக நிற்கும். எண்ணெயும் தூசியும் கலந்த பசை அது. அதைத் துடைக்காமல் அமுக்கினால் உள்ளே போகும். பழைய காட்டன் சட்டைத் துணியை லேசாக நனைத்து, வளையத்தைச் சுற்றித் துடையுங்கள். குழாயின் பின்பக்கத்தை மறக்க வேண்டாம். சக்கரம் சேறு அடிப்பது அங்கேதான், எல்லோரும் விடுவதும் அங்கேதான். பிறகு காய்ந்த துணி. அதன்பின் மூன்று நான்கு முறை அமுக்கினால் உள்ளிருந்து இன்னும் கொஞ்சம் அழுக்கு மேலே வரும். அதையும் துடைத்தால் முடிந்தது.

டபிள்யூடி-40 நீல டப்பாவைச் சீலின் மேல் அடிக்காதீர்கள். அப்போதைக்கு வழுக்கும், உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்துக் கொண்டுபோய்விடும், பத்து நாளில் முன்னைவிட மோசமாகக் கீச்சிடும். செயின் ஆயிலும் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் ஃபோர்க்குக்கென்று விற்கும் சிலிகான் ஸ்பிரே, அதுவும் துணியில் அடித்துத் தடவுங்கள். டிஸ்க் பிரேக்கில் ஒரு துளி பட்டாலும் பிரேக் பிடிக்காது.

கேள்வி: அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி பக்கம் தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை ஷாக்கைத் திறக்க வேண்டும்? வீட்டிலேயே முடியுமா? (கத்திவாக்கம்)

ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளின் லோயரை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கிறது. இன்னொரு ஃபோர்க் நிறுவனமான சன்டூரின் முதல் பராமரிப்பும் 50 மணி நேரம்தான். வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒரு மணி என்றால் இரண்டு மாதம். 'அது வெளிநாட்டுச் சேற்றுக்குச் சொன்னது' என்று தள்ளிப்போட உங்கள் பகுதியில் முடியாது. எண்ணூர் பழைய அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டாலும் அத்திப்பட்டு நிலையம் ஓடுகிறது, செப்பாக்கம் பக்கம் சாம்பல் குளம் இருக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிகாவும் அலுமினாவும். வாட்டர் பேப்பர் மாதிரி அதுவும் தேய்க்கும். பவுடர் மாதிரி நைசாக இருப்பதால் மணலைவிட எளிதாகச் சீலைத் தாண்டும்.

வீட்டில் தாராளமாகச் செய்யலாம். லோயரைக் கழற்றுவது வரைக்கும். ஸ்டாஞ்சனுக்குள் இருந்து ஷாக்கின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டாம்பரைத் திறப்பது வேறு வேலை, அதைத் தொட வேண்டாம்.

ஆலன் கீ செட், ரப்பர் சுத்தியல், நூல் பிரியாத துணி, இரண்டடி நீள மரக்குச்சி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கால் லிட்டர் (பாரிமுனை கெமிக்கல் கடைகளில் சில்லறையாகவே கிடைக்கும்), ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச், சஸ்பென்ஷன் கிரீஸ், உங்கள் ஃபோர்க்குக்குச் சொன்ன ஆயில், எண்ணெய் பிடிக்க ஒரு தட்டு. பெட்ரோல், மண்ணெண்ணெய், பிரேக் கிளீனர் பக்கத்திலேயே வேண்டாம். ரப்பர் ஊதிவிடும் அல்லது காய்ந்து வெடிக்கும்.

முதலில் வெளியே கழுவிக் காயவையுங்கள். திறந்தபின் விழும் ஒவ்வொரு மண்ணும் உள்ளேதான் போகும். முன்சக்கரத்தையும் பிரேக் காலிப்பரையும் கழற்றுங்கள். ஹைட்ராலிக் பிரேக் என்றால் பேடுகளுக்கு நடுவில் அட்டை மடித்துச் செருகுங்கள். யாராவது லீவரை அமுக்கினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த ஏர் ஃபோர்க் என்றால் இப்போதே காற்று முழுவதையும் இறக்குங்கள். எவ்வளவு பி.எஸ்.ஐ. இருந்தது என்று முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு லோயரின் அடியிலும் ஒரு போல்ட் அல்லது நட் இருக்கும். ஷாக் திரும்ப எழும்பும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் குமிழ் இருந்தால் அதை இழுத்து எடுத்துவிடுங்கள். போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, ஆலன் கீயை அதிலேயே வைத்து ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. உள்ளே இறுகியிருக்கும் தண்டு விடுபடும் சத்தம் கேட்கும். பிறகு முழுக்கக் கழற்றுங்கள். போல்ட்டோடு சேர்ந்து தண்டும் சுற்றினால் லோயரைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். தட்டை அடியில் வைத்து, இரண்டு கையாலும் லோயரை நேராக இழுங்கள்.

விழும் எண்ணெயைப் பாருங்கள். லேசாகக் கறுத்திருந்தால் சரி. பாலில் காபி கலந்த நிறம் என்றால் தண்ணீர் போயிருக்கிறது. விரலில் தேய்த்தால் நறநறவென்றால் சாம்பல். எதுவுமே விழாவிட்டால் பயப்பட வேண்டாம். விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க்குகளில் எண்ணெயே கிடையாது, கிரீஸ் மட்டும்தான்.

ஸ்டாஞ்சனைத் துடையுங்கள். குச்சியில் துணி சுற்றி, ஆல்கஹால் தொட்டு, லோயரின் உள்ளே அடிவரைக்கும் விட்டுத் திருகுங்கள். ஒவ்வொரு காலிலும் மேலே ஒன்று, ஒரு சாண் கீழே ஒன்று என்று இரண்டு புஷ் (ஸ்டாஞ்சன் உரசி வழுக்கும் வளையம்) இருக்கும். மேல் புஷ்ஷைத் துடைத்துவிட்டு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அடிப்புஷ்ஷில்தான் அழுக்கு குடியிருக்கும். துணி வெள்ளையாகவே வெளிவரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். சீலுக்குக் கீழே பஞ்சு வளையம் இருந்தால் சின்ன ஆலன் கீயால் கொக்கி போட்டு எடுத்து, ஆல்கஹாலில் பிழிந்து, காயவைத்து, சஸ்பென்ஷன் ஆயிலில் ஊறவிட்டுத் திரும்ப வையுங்கள். காய்ந்த பஞ்சு வைத்தால் செய்த வேலையில் பாதி வீண். சீல் உதட்டில் வெட்டு தெரிந்தால்தான் மாற்ற வேண்டும். வாங்கும்போது ஸ்டாஞ்சன் விட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். 28, 30, 32 மி.மீ. என்று ஃபோர்க்குக்கு ஃபோர்க் மாறும்.

சீலின் இரண்டு உதடுகளுக்கும் நடுவே கிரீஸ் ஒரு மெல்லிய வரி, புஷ்ஷில் ஒரு பூச்சு. தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுகிற அளவு. அப்பிவிட்டால் சாம்பலுக்கு விருந்து. லோயரை ஏற்றும்போது ஒரு கையால் சீல் உதட்டைச் சுற்றித் தடவிக்கொண்டே, அது உட்பக்கம் மடியாமல் பார்த்து ஏற்றுங்கள். முழுக்க ஏற்றாமல் கொஞ்சம் விட்டு, சைக்கிளைச் சாய்த்து, அடித் துளை வழியாகச் சிரிஞ்ச்சால் ஆயில் விடுங்கள். அளவு மாடலுக்கு மாடல், காலுக்குக் கால் மாறும். ராக்‌ஷாக்ஸில் பல மாடல்களுக்கு ஒரு காலுக்கு 10 மி.லி. அளவில்தான் வரும், உங்கள் ஃபோர்க்கின் சர்வீஸ் தாளைப் பார்த்தே ஊற்றுங்கள். பிறகு முழுக்க ஏற்றி, போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முறுக்குங்கள். ராக்‌ஷாக்ஸுக்கு 7.3 நியூட்டன் மீட்டர். இது இரண்டு விரலால் முறுக்கும் இறுக்கத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். உள்ளிருக்கும் தண்டு பல ஃபோர்க்குகளில் உள்ளே குழலான அலுமினியம். மெக்கானிக் கை பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

இருபது முறை அமுக்கி, மேலே வந்த கிரீஸைத் துடைத்துவிட்டு, காற்றை அடித்து முடியுங்கள். முதல் தடவை மூன்று மணி நேரம் ஆகும். அடுத்த தடவை ஒன்றரை.

கேள்வி: மெக்கானிக் அண்ணன் பைக்குக்குப் போடும் 20டபிள்யூ-40 என்ஜின் ஆயிலையே ஷாக்கில் ஊற்றலாம், ரெண்டு அவுன்ஸ் கூட ஊற்றினால் இன்னும் சாஃப்ட் ஆகும் என்கிறார். (வியாசர்பாடி)

அண்ணன் பாதி சரி. லோயருக்குள் ஊற்றும் ஆயில் புஷ்ஷையும் பஞ்சையும் நனைக்கத்தான், ஷாக்கின் வேகத்தை அது கட்டுப்படுத்துவதில்லை. அவசரத்துக்கு என்ஜின் ஆயில் அங்கே பெரிய கேடு செய்யாது. பைக் முன்ஷாக்குக்கு விற்கும் ஃபோர்க் ஆயில் அதைவிட மேல். டாம்பருக்குள் இருக்கும் ஆயில் மட்டும் வேறு ஜாதி, மிக மெல்லியது. அதில் என்ஜின் ஆயில் போனால் ஷாக் தேன் மாதிரி மெதுவாக எழும்பும், அடுத்த பள்ளத்துக்குத் தயாராகவே இருக்காது.

கூடுதலாக ஊற்றும் யோசனைதான் மோசம். லோயருக்குள் மிச்சம் இருக்கும் இடம் காற்றுக்கு. அதை ஆயிலால் நிரப்பினால் காற்று நெருங்கி, ஷாக் கடைசிவரை இறங்காமல் கல்லாகும், அழுத்தம் சீலைப் பிடுங்கி வெளியே தள்ளும். ரெண்டு அவுன்ஸ் என்றால் 60 மி.லி. வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஏர் ஃபோர்க். ஒவ்வொரு முறை பம்பு மாட்டிப் பார்த்தாலும் காற்று குறைந்தே காட்டுகிறது. லீக்கா? (பெரம்பூர்)

லீக் இல்லை. காலியாக இருந்த பம்பு ஹோஸை நிரப்ப ஷாக்கிலிருந்து காற்று போகிறது, அவ்வளவுதான். கழற்றும்போது வரும் 'உஸ்' ஹோஸில் இருந்த காற்று. ராத்திரி நிறுத்திய சைக்கிள் காலையில் தொய்ந்து கிடந்தால்தான் லீக். வால்வில் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். பைக் டியூபில் இருக்கும் அதே வகை வால்வு பின்தான், தளர்ந்திருந்தால் அரைச் சுற்று முறுக்கினால் போதும்.

பம்பு காட்டும் அளவை நம்புவதைவிட, உட்கார்ந்து அளந்து பார்ப்பதே நல்லது. ஸ்டாஞ்சனில் ரப்பர் வளையம் இருந்தால் அதைச் சீல்வரை இறக்கி, இல்லையென்றால் நூல் ஒன்றைக் கட்டி, வழக்கமான பையோடு சுவரைப் பிடித்தபடி சைக்கிளில் உட்காருங்கள். ஆட்டாமல் இறங்குங்கள். 100 மி.மீ. இறங்கும் ஷாக்கில் வளையம் 15 முதல் 20 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். அதிகம் நகர்ந்தால் 5 பி.எஸ்.ஐ. கூட்டி, சில முறை அமுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பெட்ரோல் பங்க் கம்ப்ரஸரை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: மழை வெள்ளத்தில் சைக்கிள் ஒரு நாள் முழுக்க மூழ்கிக் கிடந்தது. தண்ணீரில் எண்ணெய்ப் படலமும் இருந்தது. வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடுமா? (மணலி)

ஆகாது. வெயிலில் வெளிப்பக்கம்தான் காயும். ஒரு நாள் மூழ்கினால் வைப்பர் சீல் தண்ணீரைத் தடுக்காது, லோயரின் அடியில் குளம் கட்டியிருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம்வரை எண்ணெய் பரவியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் படலம் சாதாரணத் தண்ணீரில் போகாது. பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் ரப்பர் பாகங்களை அன்றே கழுவுங்கள். எண்ணெயில் ஊறிய சீல் உப்பிவிடும்.

திறக்கும்வரை ஷாக்கை அமுக்காதீர்கள், ஓட்டாதீர்கள். சேற்றை நீங்களே புஷ்ஷுக்குள் அரைத்து விடுவீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் மேலே சொன்ன முறையில் திறந்து, பஞ்சு வளையத்தைத் தூக்கிப் போட்டுப் புதிது வையுங்கள். அடி போல்ட்டின் மரையில் துரு பிடித்திருக்கும், அதையும் துடைத்து ஒரு தொடு கிரீஸ். சீட் குழாயைக் கழற்றி சைக்கிளைக் கவிழ்த்தால் ஃபிரேமுக்குள் நிற்கும் தண்ணீரும் வரும். எவ்வளவு வரும் என்று பார்த்து அதிர்ச்சியடையாதீர்கள்.

கேள்வி: லாக்அவுட் (ஷாக்கை ஆடாமல் பூட்டும் குமிழ்) போட்டாலும் ஷாக் ஆடுகிறது. (மாதவரம்)

கேபிள் லாக்அவுட் என்றால் முதலில் கேபிளின் இழுப்பைச் சரிபாருங்கள். பெரும்பாலும் அது துருவேறி இறுகிக் குமிழ் முழுக்கத் திரும்பாததுதான். குமிழைக் கையால் திருப்பியும் ஆடினால் உள்ளிருக்கும் ஹைட்ராலிக் கார்ட்ரிட்ஜில் ஆயில் போய்விட்டது. லாக் போட்டபடியே ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் இப்படித்தான் ஆகும். கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்கும் மாடலா என்று விசாரித்து மாற்றுங்கள். ரிப்பேர் செய்ய முயல வேண்டாம்.

கேள்வி: முன்பிரேக் பிடித்தால் 'டொக்' என்று ஓர் ஆட்டம். ஷாக் போய்விட்டது, மாற்று என்கிறார்கள். (கொடுங்கையூர்)

அவசரப்படாதீர்கள். ஹெட்செட் (ஃபோர்க் ஃபிரேமில் திரும்பும் இடத்து பேரிங்) தளர்ந்தாலும் அதே சத்தம்தான், அதைச் சரிசெய்ய இரண்டு ஆலன் கீயும் ஐந்து நிமிடமும் போதும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கை விரலை முதலில் ஹேண்டில்பாருக்கு அடியில், ஃபிரேமும் கிரவுனும் சேரும் இடுக்கில் வையுங்கள். ஆட்டம் விரலில் தட்டினால் ஹெட்செட். பிறகு விரலை ஸ்டாஞ்சனும் சீலும் சேரும் இடத்துக்கு மாற்றுங்கள். அங்கே குழாய் லோயருக்குள் முன்பின் அசைவது தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. தலைமுடி அளவு அசைவு புது ஃபோர்க்கிலும் இருக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பிரேக் பேடே காலிப்பருக்குள் ஆடி 'டொக்' என்பதும் உண்டு.

புஷ்ஷை மாற்ற அளவுக்கேற்ற தனிக் கருவி வேண்டும், சுத்தியலால் அடித்து ஏற்றினால் லோயரே போய்விடும். விலை குறைந்த ஃபோர்க்கில் பிளாஸ்டிக் புஷ் என்றால் கூலியைக் கணக்கிட்டுப் பாருங்கள், புது ஃபோர்க்கே மலிவாக வரலாம்.

கேள்வி: பின்பக்கமும் ஏர் ஷாக் உள்ள சைக்கிளை செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். காற்றை இறக்கினால் ஷாக் அமுங்கியபடியே நிற்கிறது, எழும்பவில்லை. திறந்து பார்க்கலாமா? (மீஞ்சூர்)

திறக்காதீர்கள். ஏர் ஷாக்குக்குள் மேல், கீழ் என்று இரண்டு காற்று அறை உண்டு. மேல் அறையில் காற்று இல்லாமல் ஷாக் சுருங்கியே நிற்கிறது என்றால், கீழ் அறையில் அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் காற்றை அடைத்திருக்கும் வெளிக்குழாயான ஏர் கேனைச் சுழற்றினால் மரையின் கடைசிச் சுற்றில் கேன் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். கை, முகம் எது எதிரில் இருந்தாலும் அடிதான். திரும்பக் காற்று அடித்துப் பாருங்கள். எழும்பினாலும் எழும்பாவிட்டாலும் அடுத்த வேலை சஸ்பென்ஷன் சர்வீஸ் தெரிந்த கடைக்கு. அதற்கு உள்ளே இருக்கும் டாம்பரில் நைட்ரஜன் பல நூறு பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிற்பதும் உண்டு, அது எந்த நிலையிலும் வீட்டு வேலை இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது, தினமும் அந்தக் குழாயைத் துடைப்பது. பின்சக்கரம் அள்ளி வீசுவது முழுக்க அதன் மேல்தான் விழும். பிறகு சீட்டைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சக்கரம் தரையை விடும் முன் 'டக்' என்று ஓர் இடைவெளி தெரிந்தால் ஷாக்கின் இரு முனையிலும் உள்ள கண் புஷ்ஷோ, ஃபிரேம் மூட்டின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. கடைக்குக் கொண்டுபோகும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஷாக்கைக் கழற்றிய கையோடு முடித்துவிடுவார்கள்.